‘வசூலிக்கப்படலாம்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் விடுமுறைப் பேக்கேஜ் விற்கும் நிறுவனத்தாருக்கும், அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஹோட்டல் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கேஜுக்கு முழுப் பணமும் கட்டிய பிறகு ரிசப்ஷனில் கேட்டு வாங்கிய கூடுதல் கட்டணங்களைப் பற்றித் தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டேன். தளத்துக்கு எழுதினால், ‘அது ஹோட்டல் வாங்கிய கட்டணம், அவர்களைக் கேளுங்கள்’ என்று பதில் வருகிறது. ஹோட்டலுக்கு எழுதினால், ‘நீங்கள் பதிவு செய்த தளத்தைக் கேளுங்கள்’ என்கிறார்கள். ஆறு மின்னஞ்சல் போய் வந்ததில் என் கையில் மிஞ்சியது இரண்டு புகார் எண்கள். சரி, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தே படியுங்கள்.

நடந்தது இதுதான். நான்கு பேர், ஐந்து இரவு. விமானம், தங்குமிடம், காலை உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. ‘எல்லாம் அடங்கியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் மூன்று மாதம் முன்பே முழுப் பணத்தையும் கட்டினோம். விமானம் தாமதமாகி ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு 11.30 மணி. சின்னவள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, கணினியில் ஏதோ தட்டி, ஒரு தாளை அச்செடுத்து நீட்டினார். ரிசார்ட் கட்டணம், ஓர் இரவுக்கு இவ்வளவு. சுற்றுலா வரி, தலைக்கு இவ்வளவு. பெரியவனுக்குக் கூடுதல் படுக்கை. அதற்கு மேல் ஒரு டெபாசிட். டெபாசிட்டை விட்டுவிட்டுக் கூட்டினாலும், பேக்கேஜுக்குக் கட்டியதில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வந்தது.

முதலில் பெரியவன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு 9 வயது. தளத்தின் பக்கத்தில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இலவசம் என்று இருந்தது. ஹோட்டலின் கணக்கிலோ 6 வயதுக்குட்பட்டவர்தான் குழந்தை. உங்கள் இருவரின் ஒப்பந்தத்துக்கு நடுவே என் மகன் ஒரே ராத்திரியில் பெரிய மனிதனாகிவிட்டான். இந்த வயதுக் கணக்கை நீங்கள் இருவரும் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசித் தீர்த்திருக்கலாம். அதைத் தீர்க்க வேண்டிய ஆள் நள்ளிரவில் பெட்டிகளோடு நிற்கிறவனா?

அடுத்து, ரிசார்ட் கட்டணம். இது எதற்கு என்று கேட்டேன். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வைஃபை, அறையில் தினமும் இரண்டு தண்ணீர் பாட்டில் என்றார் இளைஞர். எங்களுக்கு அவை வேண்டாம், கட்டணத்தை எடுத்துவிட முடியுமா என்றேன். ‘முடியாது, இது எல்லோருக்கும் கட்டாயம்’ என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என்னைப் போல் எத்தனை பேருடைய முகச்சுளிப்பை அவர் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறாரோ. ஆனால் கட்டாயம் என்றால் அது அறை வாடகைதானே? வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றுக்கு எதற்குத் தனிப் பெயர், பில்லில் தனி இடம்? (மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பராமரிப்பு வேலை என்று பலகை மாட்டியிருந்தது. கட்டணத்துக்கு மட்டும் பராமரிப்பு விடுமுறை கிடையாது போலிருக்கிறது.)

தனிப் பெயர் எதற்கென்று கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடுகிறது. நாங்கள் தளத்தில் தேடும்போது விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தித்தான் பார்க்கிறோம். வாடகையில் கொஞ்சத்தைக் கழற்றி ‘ரிசார்ட் கட்டணம்’ என்று வேறொரு பையில் போட்டால், ஹோட்டல் அந்த வரிசையில் மேலே ஏறிவிடும். தளத்துக்குக் கமிஷன் வாடகைக்கு மட்டும்தான் என்றால், கழற்றிய அந்தப் பகுதிக்குக் கமிஷனும் மிச்சம். தளத்துக்கும் நஷ்டமில்லை, மலிவாகத் தெரிகிற பேக்கேஜ் வேகமாக விற்கிறது. ஒளிவுமறைவில்லாமல் முழு விலையைப் போடும் பக்கத்து ஹோட்டல் மட்டும் வரிசையில் கீழே கிடக்கும்.

கடைசியில் காட்டினால் ஆட்கள் கட்டிவிடுவார்கள் என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் மறுவிற்பனைத் தளத்தில் 2015-இல் ஒரு சோதனை நடந்தது. சிலருக்குக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்டினார்கள், மற்றவர்களுக்குப் பணம் கட்டும் பக்கம் வந்த பிறகுதான் காட்டினார்கள். பின்னால் பார்த்தவர்கள் சுமார் 21 சதவீதம் அதிகமாகச் செலவழித்தார்கள். அவர்களாவது வீட்டில் திரைமுன் உட்கார்ந்திருந்தவர்கள், ஒரு சொடுக்கில் வெளியேறியிருக்கலாம். எங்களுக்கு வெளியேற எங்கே வழி? பணம் உங்களிடம், பாஸ்போர்ட் மேசைமேல், குழந்தை தோளில். அந்த நேரத்தில் நீட்டப்படும் தாளை விலைப்பட்டியல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சுற்றுலா வரியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அது ஊர் நிர்வாகத்துக்குப் போகிற பணம், எல்லோரும் கட்டுகிறார்கள். ஆனால் அது இரகசியமான தொகையும் அல்ல. ஆம்ஸ்டர்டாமில் 2024-இலிருந்து தங்கும் கட்டணத்தில் 12.5 சதவீதம். துபாயில் ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. நான் போகும் தேதி, ஆள் கணக்கு, ஹோட்டலின் தரம் மூன்றும் தளத்தின் கையில் இருக்கின்றன. ஒரு இருக்கையின் விலையை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக் காட்டத் தெரிந்த கணினிக்கு, இந்தப் பெருக்கல் மட்டும் வராதா?

டெபாசிட்டை ஹோட்டல்கள் கட்டணம் என்று சொல்வதில்லை, ‘பிடித்து வைக்கிறோம்’ என்கிறார்கள். கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்குக் கார்டின் செலவு வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் போனவருக்கு அது சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம், செக்-அவுட் முடிந்து சில நாள் கழித்துத்தான் திரும்பி வரும். எவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்தால் அதற்கேற்றபடி கிளம்பியிருப்போம்.

இனி தளத்தாரின் வாதத்துக்கு வருகிறேன். ‘விதிமுறைகளில் எழுதியிருக்கிறோமே’ என்பது நீங்கள் அனுப்பிய பதில். தேடிப் பார்த்தேன், உண்மைதான். பதிவை உறுதிசெய்து நீங்கள் அனுப்பிய வவுச்சரின் மூன்றாம் பக்கத்தில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பொருந்தக்கூடிய கட்டணங்கள் தங்குமிடத்தில் வசூலிக்கப்படலாம்.’ இந்த வாக்கியத்தைப் பல முறை படித்துப் பார்த்தேன். யார் வசூலிப்பார்கள் என்று இல்லை. எவ்வளவு என்று இல்லை. எதற்குப் பொருந்தும் என்று இல்லை. போதாததற்குக் கடைசியில் ஒரு ‘லாம்’. மழை வரலாம் என்கிற மாதிரி. ஆனால் அந்த ஹோட்டலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், ஒவ்வோர் இரவுக்கும், ஒரு பைசா குறையாமல் வசூலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தவறாமல் நடக்கும் ஒன்றை ‘நடக்கலாம்’ என்று எழுதுவதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு.

இது நான் ஒருவன் கிளப்பும் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012-லேயே 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு ரிசார்ட் கட்டணம் குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதற்கு அப்புறம் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் இழுத்து, 2025 மே 12 முதல்தான், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையே பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற விதி தங்குமிடங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டும் இந்த வித்தையை 2023 நவம்பரில் இந்தியா வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இதற்குத் தடை.

எனக்குப் பிடித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 எண் பேக்கேஜ் பயணச் சட்டம். கூடுதல் கட்டணம் உண்டென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் பயணி அதைக் கட்ட வேண்டியதில்லை. பேக்கேஜ் விலையை உயர்த்துவதென்றாலும் சில காரணங்களுக்காக மட்டுமே முடியும், அதையும் பயணத்துக்கு 20 நாளாவது முன்னால் தெரிவித்தாக வேண்டும். 20 நாள்! எனக்குக் கிடைத்தது ரிசப்ஷன் மேசைக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருந்த இரண்டு நிமிடம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தப் பழமொழியில் வருகிறவனுக்குக்கூடச் சுமைகூலி எவ்வளவு என்று தெரிந்திருந்தது.

நான் கேட்பது தள்ளுபடி அல்ல. அந்த ஹோட்டல் முழு விலையைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நாங்கள் அங்கேயேதான் போயிருப்போம், இடம் நன்றாகத்தான் இருந்தது. தேடல் முடிவில் வரும் முதல் தொகையே கடைசித் தொகையாக இருக்கட்டும். வரி மாதிரி நேரில்தான் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், வவுச்சரின் முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் தொகையைப் போடுங்கள். ‘லாம்’ வேண்டாம். வவுச்சரில் இல்லாத ஒன்றை ரிசப்ஷனில் கேட்க நேர்ந்தால், முதலில் சாவியைக் கொடுங்கள், கணக்கை மறுநாள் காலையில் தளத்தாரோடு நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒப்பந்தம் போட்டது தளத்தோடு, ஹோட்டல் ஒப்பந்தம் போட்டதும் தளத்தோடு. நடுவில் இருப்பவர் தளத்தார்தான். இரண்டு பக்கமும் கை காட்டிவிட்டு விலகிக்கொள்ள அவர்களுக்கு வசதி இருக்கக் கூடாது.

என்னிடம் வாங்கியதில் கூடுதல் படுக்கைக்கும் ரிசார்ட் கட்டணத்துக்கும் உரிய தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டிருந்தேன். இரண்டு புகார் எண்ணிலும் நிலவரம் ‘பரிசீலனையில்’ என்றே இருக்கிறது. ரசீதுகள், பதிவு செய்த அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், வவுச்சரின் மூன்று பக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று உங்களில் யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டு வந்த ஒரு பயணி