கழுத்தில் வெட்டியதால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

"ஆஸ்பத்திரியில கழுத்தை வெட்டித்தான் ஆளைச் சாகடிச்சுப் போட்டாங்கள்" என்று அண்மையில் எங்கள் சந்தையடியில் ஒருவர் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வன்னி வைத்தியசாலைகளில் தாதியாக இருந்து இளைப்பாறியவள் நான். கேட்டுவிட்டுச் சும்மா வர மனமில்லை.

இரவில் ஏ-9 வீதியில் மாட்டோடு மோதி முகம் சிதைந்து வருபவர், குளவி கொட்டித் தொண்டை வீங்கி வருபவர் என்று சிலருக்கு மூச்சுக்கான குழாய் வாய்வழியாக இறங்காது. முகமூடி வைத்துப் பையை அமுக்கினாலும் காற்றுப் போகாது. ஒட்சிசன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் மிஞ்சுவது, கழுத்தின் முன்பக்கம் வெட்டிக் காற்றுக்கு வழிவிடுவதுதான்.

உங்கள் சங்கிலேயே, அதாவது குரல்வளையில், தொட்டுப் பாருங்கள். துருத்திய மேட்டிலிருந்து விரலைக் கீழே இறக்கினால், அடுத்த குருத்தெலும்பு வளையத்துக்கு முன் சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். அங்கே தோலுக்கடியில் மெல்லிய சவ்வு. அதில் பத்தாம் இலக்கச் சத்திரசிகிச்சைக் கத்தியைக் குறுக்காகக் குத்தி, கூர்ப்பக்கம் காலைப் பார்க்கத் திருப்பி, கத்தியோரமாகப் பூஜி என்ற வளையும் கோலை விட்டு, அதன்மேல் 6 மில்லிமீற்றர் குழாயை இறக்குவார்கள். பிரித்தானிய மயக்க மருந்து நிபுணர்கள் 2015 இல் பெரியவர்களுக்கென வகுத்த முறை இது. 2011 இல் அங்கு வெளிவந்த ஆய்வில், கத்திக்குப் பதில் ஊசியால் முயன்றவற்றில் பாதிக்கு மேல் தோற்றிருந்தன. சின்னப் பிள்ளைகளின் கதை வேறு, அவர்களுடைய அந்த இடம் மிகச் சிறியது.

என் அனுபவத்தில் ஆபத்து கத்தியில் இல்லை, பிந்துவதில்தான். "இன்னொருக்கா பாப்பம்" என்று திரும்பத் திரும்பக் குழாயை விட, உள்ளே வீக்கமும் இரத்தமும் கூடும். ஒருமுறை கத்தி ஒரு லாச்சியில், பூஜி சத்திரசிகிச்சைத் தியேட்டரில், தியேட்டர் திறப்பு எவரிடமோ. சரி, யாரைக் குறை சொல்ல?

கத்தி, பூஜி, குழாய் மூன்றையும் ஒரே பையில் போட்டு அவசர சிகிச்சைப் பிரிவின் வண்டிலில் தொங்கவிடுங்கள். "ஐயா, குழாய் போகேல்ல, கழுத்தால போவம்" என்று தாதி வாய்விட்டுச் சொல்லவும் இடம் கொடுங்கள். இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் ஆட்டுச் சங்கு கிடைக்கும். மேலே கோழித்தோலை இழுத்துக் கட்டிப் பழகலாம். ஆட்டுச் சங்குக்கு மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டியதில்லை.

இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.