தடைக்காலத்தில் ஃபைபர் வள்ளப் பயிற்சி தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தொண்டிக் கரைகளில் கூலிக்குக் கடலுக்குப் போகும் இளைஞர்களுக்கு அந்த நாட்களில் வருமானம் கிடையாது. அதே கரையில்தான் அடி தேய்ந்தும் அணியம் (முன்பகுதி) விரிசல் விட்டும் ஃபைபர் (கண்ணாடி இழை) வள்ளங்கள் பழுதுக்குக் காத்துக் கிடக்கின்றன. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. அங்கே இந்தத் தொழிலைத் தடைக்காலத்திலேயே கற்றுத் தர வேண்டும்.

ஒட்டுப் போடுவது எளிதாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான ஒட்டுகள் பெயர்வது தயாரிப்பில் விட்ட குறையால்தான். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ரெசின் (இழையை ஒட்டி இறுகும் பிசின்) பிடிக்காது. பிறகு விரிசலின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். வள்ளச் சுவரின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலச் சரிவு நல்லது. கால் அங்குலக் கனம் என்றால் 3 அங்குலம். பலரும் அரை அங்குலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அலை அடிக்கும்போது ஒட்டு அப்படியே கழன்றுவிடுகிறது.

ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 20 மில்லி. மே மாத நண்பகலில் இதே அளவு கலந்தால் தடவி முடிப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும். எனவே செய்முறை வகுப்பைக் காலை 10 மணிக்குள் முடிப்பதே சரி. ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கிவிட்டு, ஹார்ட்னரைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும், தேய்க்கும்போது மாஸ்க்கும் இல்லாமல் எந்தப் பையனையும் வேலையில் நிறுத்தக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி கெடும் இடம் பொருள் செலவுதான். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். கால் அங்குலத்துக்கு ஆறு அடுக்கு. ஒரே மூச்சில் மூன்று நான்குக்கு மேல் போட்டால் சூடேறி வெடிப்பு விடும். ஒரு சதுர அடி ஒட்டுக்குக் கால் கிலோ மேட்டும் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக ரெசினும் ஆகும். கை பழக ஒருவர் ஐந்து ஒட்டாவது போட வேண்டும். 35 பேருக்கு நூறு கிலோ ரெசின் வரும். இதைத் திட்டமதிப்பில் சேர்க்காமல், ஆசிரியர் ஒருவர் செய்து காட்ட மற்றவர் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் யாரும் வள்ளத்தை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். பார்ப்பது பயிற்சி அல்ல.

கட்டணம் இல்லாததாலேயே ஒரு பயிற்சி முழுக்க இலவசம் ஆகிவிடாது. பேருந்துச் செலவும் விட்டுப்போன கூலியும் இருக்கின்றன. ராமநாதபுரத்துக்கு வரச் சொல்வதைவிட, ரெசினும் கிரைண்டரும் கரைக்கு வரட்டும். கிரைண்டர், தராசு, ரோலர் வாங்க நான்கு பேர் குழுவுக்குக் கடன் விண்ணப்பமும் அங்கேயே எழுதப்பட வேண்டும்.

மார்ச் முதல் வாரத்திலேயே மீன் ஏலக்கூடங்களில் அறிவிப்பு ஒட்டினால், வெளியூர் வேலைக்கு முன்பணம் வாங்குமுன் இளைஞர்கள் பெயர் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பாம்பன்.