பம்பிங் 30 என்றால் எத்தனை வருஷம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் பலவீனமாகிப் போகும் நோய், உள்ளவர்கள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதைக் கணினியே சொல்லிவிடும் என்கிற தொனியில் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. தக்கலை பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "எங்க அப்பாவுக்கு பம்பிங் 30 தான், அப்போ எத்தனை வருஷம்?" என்று கேட்பவர்களுக்கு மீதிப் பாதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எக்கோ ஸ்கேனில் வரும் அந்த பம்பிங் எண்ணை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது) மட்டும் வைத்து யாரும் ஆயுளைக் கணிப்பதில்லை. இந்த நோயாளிகள் இறக்கும் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல 2013இல் வெளியான 'மேஜிக்' என்ற கணக்கீடு 30 ஆய்வுகளில் இருந்த 39,372 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து உருவானது. அது 13 விஷயங்களைப் பார்க்கிறது. வயது, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நடந்தால் எவ்வளவு மூச்சு வாங்குகிறது, இப்படிப் போகும். இதில் ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் ஆபத்துக் கணக்கு ஏறும், உடம்பு மெலிந்திருந்தாலும் ஏறும். "இளைச்சுட்டாரு, நல்லதுதானே" என்று சந்தோஷப்படுகிற வீடுகளுக்கு இது தெரியாது. (அதற்காக மாத்திரையால் பிபி கொஞ்சம் இறங்கியதும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்தப் 13இல் இரண்டு, நோயாளி குறிப்பிட்ட மருந்துகளைச் சாப்பிடுகிறாரா இல்லையா என்பதுதான். அதற்கு முன்பே, 2006இல் வந்த சியாட்டில் கணக்கீட்டில் ஒரு மருந்தைக் கூடுதலாகச் சேர்த்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு மாறும் என்றே போட்டுப் பார்க்கலாம். அதாவது இது ஜாதகம் மாதிரி எழுதிவைத்த கெடு இல்லை. மருந்து மாறினால் விடையும் மாறும். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய சிகிச்சை என்றால் போவது திருவனந்தபுரத்துக்கு. அங்கே 2013இல் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காக அனுமதிக்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் சுமார் 31 சதவீதம் பேர் இறந்தார்கள், ஐந்து வருஷத்தில் 59 சதவீதம். சராசரி வயது 61தான், மேல்நாட்டு நோயாளிகளைவிட ஏறக்குறைய பத்து வயது இளையவர்கள். இன்னொரு தகவல்தான் எனக்கு உறைத்தது: பம்பிங் குறைந்தவர்களில் வீட்டுக்குப் போகும்போது மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் மருந்துகள் முழுவதோடும் போனவர்கள் கால்வாசிப் பேர்தான்.

எழுதிக் கொடுத்தாலும் என்ன நடக்கிறது என்பதைக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். நீர் மாத்திரையை யாரும் விடுவதில்லை, ஏனென்றால் கால் வீக்கம் வடிவது கண்ணுக்குத் தெரிகிறது, ராத்திரி படுக்க முடிகிறது. ஆனால் அது சிரமத்தைக் குறைக்கிற மருந்து. ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமான பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிட்டால் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதனால் கையில் காசு குறைந்தால் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான், "இதுல அரை அட்டை போதும்" என்பார்கள். முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் நிலைமை இன்னும் மோசம். சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்குத்தான் சுகர் இல்லையே, சுகர் மாத்திரை எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சர்க்கரை இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் அது பலன் தருகிறது என்பது 2019இலேயே தெரிந்துவிட்டது. 2020இல் காப்புரிமை முடிந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது. 2013இல் போட்ட மேஜிக் கணக்குக்கு இந்த மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 100 பேரில் 30 பேர் இறக்கலாம் என்று கணக்கு சொல்லும், அந்த 30இல் உங்கள் அப்பா இருக்கிறாரா என்று அதனால் சொல்ல முடியாது. சிலருக்கு மெல்ல மெல்ல முற்றுகிறது, சிலர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று போய்விடுகிறார்கள். இதற்காக டாக்டர்கள் வாயே திறக்காமல் இருப்பதும் சரியில்லை. "பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடாமல், தோராயமாக இப்படி, இந்த மருந்தைச் சேர்த்தால் இப்படி, விட்டால் இப்படி என்று குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னால், வீடு, கடன், பிள்ளை கல்யாணம் என்று அவர்களும் யோசித்து முடிவெடுப்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அதே மாதிரி இதயச் செயலிழப்புக்கான மருந்துகளும் மாதாமாதம் விடாமல் வீடு வந்து சேர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை அரசிடம் கேட்டு எழுதினால் நல்லது. அதுவரைக்கும், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடனே டாக்டரைப் பாருங்கள் என்பதையாவது அடுத்த வாரம் அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஒரு மருந்துக்கடைக்காரர்,
தக்கலை