பறித்த கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டக்காரர் ஜ்ரூ ஹாலிடே பற்றி வந்திருந்த சிறு கட்டுரையைப் படித்தேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு பந்தைக்கூடப் பறிக்காதவரைச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது பழைய பெயரை வைத்துக் காலம் தள்ளுவதுதான் என்று அதில் ஒரு வரி இருந்தது. ஒரே வரிதான். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. ஆகவே தங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. 2023-24 சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஆடிய ஹாலிடேவின் ஸ்டீல் சராசரி, அதாவது ஆட்டத்துக்கு அவர் பறித்த பந்துகளின் சராசரி, 0.9தான். ஆனால் அதே சீசனில்தான் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பத்துப் பேரில் ஒருவராக, ஐவர் ஐவராகப் பிரிக்கும் இரு அணிகளில் இரண்டாம் அணியில், அவர் தேர்வானார். பந்தைக் கொண்டுவரும் கார்டுக்கு இத்தனை இடம், வளையத்தடியில் நிற்கும் சென்டருக்கு இத்தனை இடம் என்றிருந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்ட ஆண்டு அது என்பது தாங்கள் அறியாததல்ல. முதல் அணியில் ஒரு கார்டுகூட இல்லை. கோபேர், வெம்பன்யாமா, ஆந்தனி டேவிஸ் என்று நெட்டை நெட்டையான ஆட்கள். அப்படிப்பட்ட ஆண்டில் ஆறடி நான்கு அங்குலக்காரர் ஒருவர் பத்துக்குள் வந்ததைப் பெயருக்கு விழுந்த ஓட்டு என்று எப்படி எழுத மனம் வந்தது? பெயரே போதுமென்றால் 2025-லும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓட்டுப் போட்ட செய்தியாளர்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டீல் கணக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கு ஹாலிடே மில்வாக்கி அணிக்கு ஆடி ஃபீனிக்ஸைச் சந்தித்த 2021 இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன். ஐந்தாவது ஆட்டம், ஃபீனிக்ஸில். மில்வாக்கி 120-119 என்று ஒரே புள்ளி முன்னிலை. இருபது வினாடிகூட மீதியில்லை. அன்று 40 புள்ளி எடுத்த ஃபீனிக்ஸின் டெவின் புக்கர் பந்தோடு உள்ளே நுழைகிறார். மில்வாக்கியின் பி.ஜே. டக்கர் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டே வர, புக்கர் திரும்புகிறார். திரும்பிய இடத்தில் ஹாலிடேவின் கைகள் பந்தின் மேல் இருக்கின்றன. பிடுங்கிய பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் மேலே தூக்கிப் போட்டார். சக ஆட்டக்காரர் யானிஸ் அதை அந்தரத்திலேயே வாங்கி வளையத்துக்குள் அடித்தார். உலகமே பார்த்த ஸ்டீல். ஹாலிடே கணக்கில் ஒன்று, டக்கர் கணக்கில் ஒன்றுமில்லை. டக்கர் வழியை அடைக்காமல் விட்டிருந்தால் புக்கர் எதற்குத் திரும்பப் போகிறார்? கபடியில் காலைப் பிடிப்பவன் ஒருவன், பாடி வருபவனை அந்த மூலைக்கு ஒதுக்கித் தள்ளியவன் வேறொருவன். ஊர்த் திடலில் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்களுக்கு இது தெரியும்.

அதற்கு முந்தைய நான்காவது ஆட்டத்தைப் பாருங்கள். ஹாலிடே 20 தடவை எறிந்து 4-ஐத்தான் போட்டார். மறுநாள் எங்கும் மில்வாக்கியின் மிடில்டன் எடுத்த 40 புள்ளியும், ஃபீனிக்ஸின் ஏட்டனுடைய பந்தை யானிஸ் அந்தரத்தில் தடுத்ததும்தான் பேச்சு. ஆனால் முதல் ஆட்டத்தில் 32 புள்ளி எடுத்த ஃபீனிக்ஸின் கிறிஸ் பால் அன்று 10 புள்ளியில் அடங்கினார், ஐந்து முறை பந்தைத் தொலைத்தார். கடைசி நிமிடத்தில் ஹாலிடே எதிரே நிற்க, திசை மாற்றப் போன பாலுக்குக் கால் வழுக்கிப் பந்து கையை விட்டுப் போனது. அதை அவருடைய துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். அந்தத் தொடர் முழுக்க, பந்தைப் பாதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரவே அவரைத் திண்டாட வைத்தவர் யார் என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். அந்த உழைப்புக்குப் புள்ளிவிவரத்தில் கட்டம் கிடையாது.

நானும் கார்டாக ஆடியவன்தான், ஐயா. கல்லூரி அணியிலும் பிறகு மாவட்ட அணியிலும் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை எதிரணியின் முதல் ஆட்டக்காரரை ஒட்டிக்கொள்வது. "பந்தைப் பார்க்காதே, அவன் வயிற்றைப் பார். கையும் கண்ணும் ஏமாற்றும், வயிறு ஏமாற்றாது" என்பார் எங்கள் கோச். அப்படியே செய்வேன். வலது கையால் மட்டும் நன்றாக எறிகிறவரை இடப்பக்கம் தள்ளித் தள்ளி, வளையத்துக்குப் பின்னாலுள்ள எண்ட் லைனுக்குக் கொண்டுபோய்விடுவேன். சிமென்ட் தரையில் முட்டி தேயும். ஒரு மாவட்ட இறுதி ஆட்டத்தில் எங்களை முந்தைய ஆண்டு தனியாளாகத் தோற்கடித்த ஷூட்டரை என்னிடம் விட்டார்கள். இரண்டாம் பாதியில் அவர் பந்து கேட்பதையே நிறுத்திவிட்டார். அவருடைய தோழர்கள் வேறு பக்கம் பாஸ் போடத் தொடங்கினார்கள். நான் ஒரு பந்தையும் பறிக்கவில்லை. நாங்கள் வென்றோம். மறுநாள் நாளிதழில் எங்கள் அணியில் புள்ளி எடுத்த மூவர் பெயர் வந்திருந்தது. அடுத்த மாதம் மாநிலத் தேர்வுக்குப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "எத்தனை பாயிண்ட் தம்பி?" அந்தக் கேள்வியோடு என் ஆட்டம் முடிந்தது.

இதைத் தங்கள் இதழ் மாற்றும் என்று நம்பி வாங்கத் தொடங்கியவன் நான். எத்தனையோ ஆண்டுகளாக வாங்குகிறேன். மாநிலப் போட்டி நடந்தால் எந்த அணி எத்தனை புள்ளியில் வென்றது, யார் அதிகம் எடுத்தார், அவ்வளவோடு செய்தி முடிகிறது. மகளிர் இறுதி ஆட்டத்துக்கு அதுவும் பாதி. ஆண்டு இறுதியில் பத்துச் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பட்டியல் போடுகிறீர்கள், அதில் தடுப்பாட்டத்துக்காக இதுவரை ஒருவரும் வந்ததில்லை. 2022-இல் மார்கஸ் ஸ்மார்ட் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். 1996-இல் கேரி பேட்டனுக்குப் பிறகு ஒரு கார்டுக்குக் கிடைத்தது அப்போதுதான். தங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை. அதைக் கேட்டு எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் ஒரு ஆட்டக்காரர் வாங்கிய புதிய காரின் படம் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது.

ஹாலிடேயைக் குறை சொல்ல வேண்டுமானால் அதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2023-இன் வெளியேற்றுச் சுற்றான பிளே ஆஃபில் மயாமியின் ஜிம்மி பட்லர் மில்வாக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 56 புள்ளி எடுத்தார். அந்தத் தொடரில் பட்லரைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் ஹாலிடேவுடையது. எட்டாம் இடத்து மயாமி முதலிடத்து மில்வாக்கியை ஐந்தே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. தன்னைவிடக் கனமான ஆள் தோளைக் கொடுத்து முட்டி ஏறினால் ஹாலிடே திணறுகிறார் என்று எழுதியிருந்தால் நானே ஆமோதித்திருப்பேன். வயதும் ஏறிவிட்டது. அவர் பிறந்தது 1990-இல். துடிப்பான இளம் கார்டுகள் இப்போது அவரைத் தாண்டிப் போகத்தான் செய்கிறார்கள். இதையெல்லாம் ஆட்டத்தைப் பார்த்தவர் எழுதலாம். தங்கள் கட்டுரையாளர் எழுதியது புள்ளிவிவரத் தாளைப் பார்த்து.

ஸ்டீல் எடுப்பவர்களையும் நான் தாழ்த்தவில்லை. 2024-25-இல் ஆட்டத்துக்கு மூன்று வீதம் பறித்த டைசன் டேனியல்ஸ் முதல் அணிக்கு வந்தது நியாயம். ஆனால் பறிக்கத் தாவுகிறவர் தவறவிட்டால் பின்னால் நாலு பேர் அஞ்சு பேரைப் பார்க்க வேண்டும். தாவாமல் நிற்பவரால் அந்த நாலு பேரும் தங்கள் ஆளோடு இருக்கிறார்கள். 2024 இறுதிச் சுற்றில் டாலஸுக்கு எதிராக பாஸ்டன் செய்தது இதுதான். டாலஸின் முதல் ஆட்டக்காரர் டான்சிச்சுக்கு இரண்டாவது ஆளை அதிகம் அனுப்பாமல் ஒருவரையே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், மூலையில் நின்றவர்களுக்குத் திறந்த எறிதல் கிடைக்கவில்லை. டாலஸ் ஒரே ஆட்டத்தில்தான் வென்றது.

அதே ஆண்டு மே மாதம் இண்டியானாவில், உடம்பு சரியில்லாமல் ஆடுவாரா மாட்டாரா என்றிருந்த ஹாலிடே ஆடவந்து, கடைசி வினாடிகளில் எதிரணியின் நெம்பார்டிடம் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தார். 114-111. தாவவே தெரியாதவர் இல்லை அவர். எப்போது தாவ வேண்டும் என்று தெரிந்தவர்.

அந்த வரிக்கு மறுப்பு போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த மாநிலப் போட்டி முடிவுகளை வெளியிடும்போது, அதிகப் புள்ளி எடுத்தவர் பெயருக்குக் கீழே, எதிரணியின் முதல் ஆட்டக்காரரை யார் தடுத்தார் என்று ஒரு பெயர் சேர்த்துப் போடுங்கள். நடுவரையோ இரு அணிப் பயிற்சியாளர்களையோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை எடுத்துவிடுங்கள், நான்காவது ஆட்டத்தைப் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
இராஜபாளையம்