சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டாம்

கிடங்கிலும் பரணிலும் கிடந்த பழைய கணினிகளையும் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களையும் விற்பனைக்கு எடுத்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் காப்பாற்றி வைக்காவிட்டால் அவை என்றோ உடைபட்டுப் போயிருக்கும். என்னை எழுத வைத்தது அண்மையில் என் மேசைக்கு வந்து சேர்ந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி. விற்றவர் நேர்மையானவர். ஓடாத பொருளைத் தலையில் கட்டிவிட்டார் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று, பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து, கூடவே இருந்த பவர் சப்ளையைச் செருகி, நீலத் திரை வந்ததைப் படமெடுத்து அனுப்பினார். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்ததாகவும் பெருமையோடு சொன்னார். என்னிடம் வந்தபோது வெறும் கறுப்புத் திரை.

பவர் சப்ளையை மட்டும் தனியே வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். 5 வோல்ட் வர வேண்டிய முனையில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிறகு நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, நினைவகச் சிப்கள் எட்டையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனேன். முதல் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. மூன்றாவதில் சூட்டினால் விரல் நிற்கவில்லை. அதற்குப் பின் எல்லாமே அப்படித்தான். எட்டில் ஆறு போய்விட்டன. அந்தக் கணினியைக் கொன்றது அவருடைய நேர்மைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

1982இல் வெளிவந்த அந்தக் கணினியோடு வந்த பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை செங்கல் கனம் இருக்கும். உள்ளே இருப்பவற்றின் மேல் பிசினை ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் பாகம் ஒருநாள் கைவிட்டால், கட்டுக்கு அடங்காத மின்சாரம் நேரே சிப்களுக்குள் பாய்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. இன்று அளந்தால் சரியாகக் காட்டுவதே நாளை சூடேறியதும் எகிறக்கூடும் என்பதால், அளந்துவிட்டேன் என்ற ஆறுதலும் செல்லாது.

புகை வருகிற கதை வேறு. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவைப் பல ஆண்டு கழித்துச் செருகினால், சில நிமிடங்களில் பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். அறை முழுக்கச் சகிக்க முடியாத நாற்றம் பரவும். மின்சாரம் நுழையும் இடத்தில் ரிஃபா என்று பெயர் பொறித்த, பழுப்பேறிய கண்ணாடி போன்ற உறைக்குள் காகித மின்தேக்கி ஒன்று இருக்கிறது. உறையில் விரிசல் விழுந்து, காகிதம் ஈரம் குடித்து, மின்சாரம் பட்டதும் வெடித்துவிடுகிறது. பயந்துபோய் அந்தக் கணினியையே குப்பையில் போட்டவர்கள் உண்டு. உண்மையில் அது மின் இரைச்சலை வடிகட்ட வைத்த சின்னப் பாகம். மாற்றிவிட்டால் பெரும்பாலும் கணினி பிழைத்துக்கொள்ளும். ஆர்ப்பாட்டம் செய்வது பிழைக்கிறது, ஓசையில்லாமல் போவது செத்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால்தான் சுவிட்சைத் தொடாதீர்கள் என்கிறேன்.

பேட்டரியைப் பற்றியும் கேட்பீர்கள். அமிகா 2000, அமிகா 500 பிளஸ், 386, 486 சிப் கொண்ட ஏராளமான பழைய கணினிகள் ஆகியவற்றில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் காரம் செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும்; பச்சைப் படிவைக் கண்டால் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். இவற்றைப் பொறுத்தவரை, திறந்து பழக்கம் இருந்தால் பேட்டரியின் கால்களை வெட்டி எடுத்துவிடுவது நல்லது. ஆனால் விளையாட்டு நிறுவனமான காப்காம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டில் அதே காரியத்தைச் செய்துவிடாதீர்கள். விளையாட்டின் மறைகுறியைத் திறக்கும் சாவி அந்தப் பேட்டரி தரும் மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. கழற்றிவிட்டால் போர்டு தன் விளையாட்டை மறந்துவிடும். மீட்க வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாலும் அந்தச் சிரமத்தை எங்களுக்கு ஏன் வைக்கிறீர்கள்? எது எந்த வகை என்று தெரியாவிட்டால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, சுத்தம் செய்யும் ஆசை. ஆர்கேட் போர்டுகளில் சில சிப்களின் முதுகில் பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அழுக்காக, ஓரம் கிழிந்து, அசிங்கமாகத்தான் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் கீழே சின்னக் கண்ணாடிச் சன்னல் தெரியும். புற ஊதா ஒளி படும்போது உள்ளே எழுதியிருப்பதெல்லாம் அழியும்படி செய்த சிப் அது. நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம், குழல்விளக்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டு என்று இன்டெல் 2716 சிப்பின் விவரத்தாளே சொல்கிறது. விளையாட்டு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஸ்டிக்கர்தான் அதற்குக் குடை.

திரையில் தழும்பு இருக்கிறது என்று வருந்தவும் வேண்டாம். 1980இல் வந்த பாக்-மேன் இயந்திரங்களில், திரையை அணைத்த பிறகும் அந்தப் புதிர்ப்பாதையின் கோடுகள் மங்கலாகத் தெரிவதுண்டு. ஒரே படத்தை நாள் முழுவதும் காட்டி, திரையை ஒளிர வைக்கும் பாஸ்பரப் பூச்சு தேய்ந்ததன் அடையாளம் அது. அந்தப் படக்குழாயைத் தூக்கி எறியாதீர்கள். புதிதாகச் செய்வார் யாருமில்லை. கழற்றவும் முயலாதீர்கள். பின்னால் நீண்டிருக்கும் கண்ணாடிக் கழுத்து லேசாக இடித்தாலே உடையும். ஓடும்போது 20,000 வோல்ட் அளவில் தாங்கியிருந்த குழாய், அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். எங்களில் அனுபவசாலிகளே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அதை நெருங்குகிறோம். (சாவி தொலைந்துவிட்டதென்று பெட்டியின் பூட்டை உடைப்பதற்கு முன், காசு விழும் கதவுக்குள் ஆணியில் தொங்குகிறதா என்று பாருங்கள். பலமுறை அங்கேதான் இருந்திருக்கிறது.)

இத்தனையும் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்துக் குற்றத்தை மறைத்தால் நியாயமாகாது. விளம்பரத்தைப் பார்த்ததும் சேகரிப்பவர்களாகிய நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஓடுகிறதா?" என்பதுதான். சோதிக்கவில்லை என்று எழுதினால், ஏதோ மறைக்கிறார் என்று முகம் சுளித்து விலையைப் பாதியாகக் கேட்கிறோம். சுவிட்சைப் போட்டுப் படமெடுங்கள் என்று உங்களை நெருக்கியதே நாங்கள்தான். அந்தக் கமடோரை விற்றவரிடம் அதே கேள்வியை நானும் கேட்டேன்.

இனிமேல் யாராவது அப்படிக் கேட்டால், "செருகவில்லை, செருகவும் மாட்டேன்" என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பதிலாக அடிப்பக்கம், பின்பக்கச் செருகிகள், வரிசை எண், கூடவே இருக்கும் கையேடு, பிளாப்பிகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடுங்கள். பூஞ்சை பிடித்த பிளாப்பியானாலும் தூக்கி எறியாதீர்கள். எந்த டிரைவிலும் நுழைத்தும் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்தவன் அந்தப் படங்களைப் பார்த்தே விலை சொல்வான்.

கமடோர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆறு சிப்களையும் மாற்றிவிட்டேன். நீலத் திரை வருகிறது, எழுத்தும் வருகிறது. பாப் யானெஸ் வடிவமைத்த ஒலிச் சிப் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. செத்த கமடோர் ஒன்று உங்களிடம் இருந்தால், செருகாமல் அப்படியே கொடுங்கள்.

அன்புடன்,
பற்றவைப்புக் கோலோடு காத்திருக்கும் ஒருவன்