ஏமாந்தவர்களை ஏளனம் செய்யுமுன்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வங்கியிலிருந்தோ பொலிஸிலிருந்தோ பேசுவதாகச் சொல்லித் தொலைபேசி மூலம் பணம் பறிப்போர் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், "படித்தவர்கள் கூடவா இப்படி ஏமாறுவார்கள்?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதிகாரக் குரலுக்கு முன்னால் படிப்பு மட்டும் எவரையும் காப்பாற்றாது என்பது உளவியலில் அறுபது ஆண்டுப் பழைய செய்தி.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவர் பிழையான விடை சொல்லும் ஒவ்வொரு தடவையும் 15 வோல்ட் கூட்டி மின்னதிர்ச்சி கொடுக்கும்படி, சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒருவர் பணித்தார். அதிர்ச்சி பொய்யானது, விசையை அழுத்தியவர்களுக்கோ அது தெரியாது. ஆரம்பப் பாடசாலையைக்கூட முடிக்காதவர் முதல் கலாநிதிப் பட்டம் பெற்றவர் வரை பங்குபற்றிய 40 பேரில் 26 பேர், பலர் வியர்த்து நடுங்கியபடியே, இறுதி அளவான 450 வோல்ட் வரை சென்றனர்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் 15 வோல்ட். முதற்படி எவருக்கும் தீங்கற்றதாகவே தோன்றும்; அதற்கு இணங்கியவர் அடுத்த படியில் மறுப்பதற்குப் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்ததும் இதுவே. முதலில் பெயரைச் சரிபார்த்தார்கள். பிறகு அடையாள அட்டை இலக்கம். பிறகு வங்கி அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள். கடைசியில் கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கம். வகுப்பறையையே ஒரு பார்வையால் அடக்கியவர், மகன் வயதுக் குரலொன்றுக்கு "ஓம் சேர், சொல்லுறன் சேர்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இடையில் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்தது. ஆனால் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சட்டென்று வைப்பது?" என்றார். மறுப்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற இந்தக் கூச்சத்தை மில்கிராமும் கீழ்ப்படிவின் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அவருடைய ஆய்வின் வேறு வடிவங்கள் நமக்கு இன்னும் பயன்படுவன. பணிப்பவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது, இறுதி வரை சென்றவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராகக் குறைந்தனர். பக்கத்தில் அமர்ந்திருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே இறுதி வரை சென்றனர். தொலைபேசிக் குரலின் அதிகாரம் உண்மையில் வலுவற்றது. துணைக்கு ஒருவர் இருந்தால் அது மேலும் தளர்ந்துவிடும். "அழைப்பைத் துண்டிக்க வேண்டாம்", "வீட்டில் எவரிடமும் சொல்ல வேண்டாம்" என்று மோசடிக்காரர் வற்புறுத்துவது இதனால்தான். உளவியல் நூல் எதையும் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள், தொழில் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கீழ்ப்படிகிறவர் தம்மை இன்னொருவரின் கருவியாகக் கருதிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார் என்பது மில்கிராமின் விளக்கம். அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்டீபன் ரைக்கர் ஆகிய உளவியலாளர்கள் இதனை ஏற்பதில்லை. நல்லதொரு நோக்கத்துக்கு உதவுவதாக நம்பும்போதே மனிதர் ஒத்துழைக்கின்றனர் என்பது அவர்களுடைய வாதம். மில்கிராமின் ஆய்வை மீண்டும் நடத்தி உளவியலாளர் ஜெரி பர்கர் 2009இல் வெளியிட்ட மறு ஆய்வில், தயங்குவோரிடம் படிப்படியாகச் சொல்லப்பட்டவற்றுள் கடைசியான "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்ற கட்டளையைக் கேட்ட எவரும் தொடரவில்லை என்பதும் இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. எனக்கு இந்த இரண்டாம் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆசிரியையை எவரும் அதட்டவில்லை. "உங்கள் பணத்தைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம், மிஸ்" என்றுதான் சொன்னார்கள்.

கொழும்புத் தமிழருக்கு இன்னொன்றும் உண்டு. சோதனைச் சாவடிகளில் கேட்குமுன்னே அடையாள அட்டையை நீட்டிப் பழகிய தலைமுறை இது. அலுவலகச் சிங்களத்தில் ஒருவர் இலக்கத்தைக் கேட்டால், அவர் யாரென்று திருப்பிக் கேட்க எங்களில் பலருக்கு நா எழுவதில்லை. இதை அறியாமை என்று சொல்வது நியாயமல்ல.

இரகசிய இலக்கத்தைப் பகிர வேண்டாம் என்ற அறிவித்தல் சரியானதே. ஆயினும் அந்த இலக்கம் கேட்கப்படும் நேரத்தில் மனிதர் பல படிகள் கடந்து வந்துவிட்டார். அழைப்பை உடனே துண்டிக்கலாம், அது மரியாதைக் குறைவல்ல, பக்கத்திலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு வங்கி அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள் என்று மும்மொழியிலும் வங்கிக் கருமபீடங்களில் எழுதி வைக்க வேண்டும். அத்துடன், உண்மையான வங்கி உத்தியோகத்தர்களும் வாடிக்கையாளரை அழைத்தவுடன் "உறுதிப்படுத்துவதற்காக அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மோசடிக்காரரின் முதற்படிக்கு மக்களைப் பழக்கிவிடுவது அந்த வழக்கமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.