ஆர்வோ பேர்டின் வாழ்க்கையை எழுதத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்டின் வாழ்க்கையைத் தமிழில் எழுதும் பணியின் கடைசி அத்தியாயத்தைச் சென்ற வாரம் முடித்தேன். வேலைக்காக எஸ்தோனியத் தலைநகரான தாலினுக்கு வந்து, மேற்கத்திய இசையை முறையாகக் கற்காமல், கேட்டுக் கேட்டே அதன்மேல் பற்றுக்கொண்ட எனக்கு இது தனியாகச் செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. யார் யார் எதைத் தந்தார்கள் என்பதை எழுத்தில் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

முதல் நன்றி என் வீட்டு உரிமையாளரான அம்மையாருக்கு. 1935-இல் பிறந்த பேர்ட் சிறுவனாக வளர்ந்த ராக்வெரே ஊருக்கு என்னை அழைத்துச் சென்று, ஒலிபெருக்கியில் வந்த இசையைக் கேட்பதற்காக அவர் மிதிவண்டியில் சுற்றிச்சுற்றி வந்த சதுக்கத்தில் நிற்கவைத்தவர் அவர்தாம். பேர்டின் வீட்டுப் பியானோவில் நடுப்பகுதிக் கட்டைகள் பழுதாகியிருந்தன; மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியுமே ஒழுங்காக ஒலித்தன. பிற்காலத்து இசையில் ஆழ்ந்த அடித்தொனிக்கும் உச்சியில் மினுங்கும் ஸ்வரங்களுக்கும் நடுவே அவர் விட்டுவைக்கும் வெட்டவெளியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பியானோதான் நினைவுக்கு வருகிறது.

வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு அடுத்த நன்றி. ஹெய்னோ எல்லரிடம் இசையமைப்புப் பயின்ற காலத்திலேயே, 1958 முதல் 1967 வரை, பேர்ட் எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராகப் பணிபுரிந்தார். அதை நான் ஒரே வரியில் கடந்துபோயிருப்பேன். பிறர் வாசிப்பதை நாள் முழுவதும் காதுகொடுத்துக் கேட்பவனுக்கு, ஒரு ஸ்வரம் எழும்பும் கணத்தைவிட அது அடங்கும் கணமே நன்றாகப் பழகிப்போகும் என்று ஐயா சொன்ன பிறகு அந்த ஒரு வரி தனி அத்தியாயமாயிற்று.

1968 நவம்பரில் இசைக்குழு நடத்துநர் நேமே யார்வி தாலினில் அரங்கேற்றிய, பேர்டின் ‘கிரேடோ’ என்ற சேர்ந்திசைப் படைப்பின் இலத்தீன் வரிகளைச் சொல்சொல்லாக விளக்கிய பாதிரியாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பழம்பெரும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் சி மேஜர் முகப்பிசையை அடித்தளமாகக் கொண்டு, ‘கண்ணுக்குக் கண்’ என்ற பழைய நீதிக்கு எதிராகத் ‘தீமையை எதிர்த்து நிற்காதீர்கள்’ என்ற போதனையை நிறுத்துகிறது அந்தப் படைப்பு. இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன் என்று பொது மேடையில் முழங்கியதைச் சோவியத் அதிகாரிகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதன்பின் அந்தப் படைப்பு மேடையேறாமல் தடுக்கப்பட்டது.

அடுத்த எட்டு ஆண்டுகளை என் முதல் வரைவில் ‘மௌன காலம்’ என்று எழுதியிருந்தேன். அந்தப் பிழையை நான் திருத்திக்கொண்டது, தாலினுக்கு மேற்கே லவுலஸ்மாவின் பைன் மரக்காட்டுக்குள் 2018-இல் திறக்கப்பட்ட ஆர்வோ பேர்ட் மையத்தில்தான். அவருடைய இசைக் குறிப்பேடுகள் அங்கே காக்கப்படுகின்றன. அந்த ஆண்டுகளில் அவர் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 1971-இல் மூன்றாம் சிம்பொனியை எழுதினார். கிரிகோரியன் என்ற பழைய தேவாலயப் பாடல்முறையையும் இடைக்காலப் பல்குரல் இசையையும் அரிச்சுவடியிலிருந்து கற்பவரைப்போலக் கற்றார். ஒற்றைக் குரல் மெட்டுகளைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகினார். மௌனம் என்று வெளியே தெரிந்தது உள்ளே ஓயாத உழைப்பாக இருந்திருக்கிறது. இதை உணரச் செய்த மையத்தாருக்கு என் வணக்கம்.

அந்த உழைப்பின் முதல் விளைச்சல் 1976-இல் வந்த ‘ஃபூர் அலினா’ என்ற பியானோ இசை. அதை எனக்குப் புரியவைக்க மாலை மாலையாக வாசித்துக்காட்டிய பியானோ ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டே பக்கம், பதினைந்தே அடிகள். வலக்கை மெட்டை நடத்துகிறது. இடக்கையோ ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம் என்ற மூன்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அடிகள் படிப்படியாக நீண்டு, பிறகு படிப்படியாகக் குறுகுகின்றன. ஒரே ஓரிடத்தில் இடக்கை அந்த மூவரின் வட்டத்தைவிட்டு விலகுகிறது. அந்த இடத்தில் பேர்ட் ஒரு சிறு பூவை வரைந்திருக்கிறார். சிறு மணிகளைக் குறிக்கும் ‘டின்டின்னபுலி’ என்ற இலத்தீன் சொல்லால் அவர் பெயரிட்ட முறை இதுவே. இரு கைகளின் குரல்களும் சேர்ந்து இரண்டாகாமல் ஒன்றாவதை ‘ஒன்றும் ஒன்றும் ஒன்று’ எனச் சுருக்கிச் சொன்னவர் அவர் மனைவி நோரா. அந்த அம்மையாருக்கும் இந்த மடலில் இடம் உண்டு, ஏனெனில் 1972 முதல் அவர் துணையில்லாமல் இந்த வாழ்க்கையை என்னால் கற்பனை செய்துபார்க்க முடியவில்லை.

மற்றவற்றைக் கையெழுத்துப்படியிலேயே விரிவாக எழுதியிருக்கிறேன்: 1977-இல் கிடோன் கிரேமரும் தாத்யானா கிரின்டென்கோவும் வயலின் வாசித்த, பேர்டின் ‘தபுலா ராசா’ என்ற படைப்பு, 1980 சனவரியில் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது எல்லைக் காவலர்கள் பெட்டிகளைத் திறந்து, இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்ட நிகழ்ச்சி, வியன்னா, பிறகு பெர்லின், இசைத்தட்டுத் தயாரிப்பாளர் மான்ஃப்ரெட் ஐஷர் 1984-இல் வெளியிட்ட இசைத்தட்டினால் உலகம் அவரைக் கண்டுகொண்டது, 2010-இல் தாய்நாடு திரும்பியது. இப்பகுதிகளை வரிவரியாகப் படித்துப் பெயர்களின் உச்சரிப்பைத் திருத்திய அலுவலக நண்பர்கள் இருவருக்கும் நன்றி.

ஆசிரியை அம்மா, ஐந்து மாதங்களாக என்னிடமே தங்கிவிட்ட உங்கள் இசைத்தாளை வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பூ வரைந்திருக்கும் அந்த அடியை அன்று இன்னொரு முறை எனக்காக வாசிக்க வேண்டும்.

நன்றியுடன்,
தாலினிலிருந்து ஒரு தமிழ் வாசகன்